‘போதும்’ என்று சொல்வது யார்?

தலையான பாவங்கள் ஏழினையும் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவற்றுள் போசனப்பிரியமும் ஒன்று. அதனாலோ என்னவோ, உடல் பருத்த ஒருவரைக் கண்டதும் ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். விஞ்ஞானிகளிலும் பலர் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினர். அந்த எண்ணத்தை அசைத்தவை சில கொழுத்த சுண்டெலிகள். அவற்றைப் பொறுமையோடு ஆராய்ந்தவர் டக்ளஸ் கோல்மன்.

1931-இல் கனடாவில் பிறந்த கோல்மன், உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்று, 1958-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஓரிரு ஆண்டுகள் தங்கலாம் என்று வந்தவர், 1991-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். ஆராய்ச்சிக்கென்றே சுண்டெலிகளை வளர்க்கும் இடம் அது. 1949-இல் அங்கே சில குட்டிகள் ஓயாமல் தின்று, மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு எடைக்குப் பருத்தன. கொழுப்போடு கடும் நீரிழிவும் கொண்ட இன்னொரு வகையைக் கேத்தரின் ஹம்மல், மார்கரெட் டிக்கி என்னும் இரு பெண் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கோல்மன் 1966-இல் அறிவித்தார். இரு வகைக்கும் காரணம் மரபணுக் குறையே. ஆனால் குறைபட்ட மரபணு வெவ்வேறு.

இரத்தத்தில் ஏதேனும் ஒரு பொருள் இதற்குக் காரணமா என்று அறிய விரும்பினார் கோல்மன். நீரிழிவுள்ள எலியையும் நல்ல எலியையும் அறுவை செய்து, ஒட்டிப் பிறந்த இரட்டையரைப்போல் இணைத்தார். ஒன்றன் இரத்தம் மற்றதனுள் சென்று கலந்தது. நடந்தது எவரும் எதிர்பாராதது. நல்ல எலி உண்பதை நிறுத்திப் பட்டினியால் மாண்டது! கொழுத்த எலியோ முன்போலவே தின்றுகொண்டிருந்தது. (எளிய உயிர்களுக்கு இழைத்த கொடுமை என்று நம்மில் சிலருக்குத் தோன்றும், நமக்கும் தோன்றாமலில்லை.)

கோல்மன் சிந்தித்தார். நீரிழிவு எலியின் இரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் பொருளொன்று மிகுதியாக இருக்கிறது. அதைக் கேட்கும் செவி மட்டும் அதற்கில்லை. செவியுள்ள நல்ல எலி அச்சொல்லைக் கேட்டுக் கேட்டே மாண்டது. அப்படியானால் முதல் வகைக் கொழுத்த எலி? அதையும் நீரிழிவு எலியோடு இணைத்தார். அதுவும் உணவை மறந்து மாண்டது. நல்ல எலியோடு இணைத்தபோதோ முன்னிலும் குறைவாக உண்டது. ஆக, அதற்குச் செவி இருக்கிறது, சொல்தான் இல்லை! இம்முடிவை 1973-இல் வெளியிட்டார். நம்பாதவரே மிகுதி, அந்தப் பொருளை யாரும் கண்ணால் கண்டதில்லையே.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எட்டாண்டுகள் தேடி, 1994-இல் முதல் வகை எலியின் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார். அது ஆக்கும் பொருளுக்கு, ‘மெலிந்த’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிடப்பட்டது. அதைச் சுரப்பது எது தெரியுமா? கொழுப்பேதான்! நெற்குதிர்போல் வெறும் சேமிப்பிடம் என்று எண்ணியிருந்த கொழுப்பு, ‘இருப்பு போதும்’ என்று மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு? 1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர், 86 கிலோ எடையுள்ள எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலில் லெப்டின் அறவே இல்லாதிருப்பதைக் கண்டனர். எப்போதும் பசி, எப்போதும் உணவு கேட்டல். பின்னர் நாள்தோறும் லெப்டின் ஊசி போட்டனர். பசி தணிந்தது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அந்த ஊசிக்கு முன் அவளைப் பெருந்தீனிக்காரி என்று யாரேனும் ஏசியிருந்தால், அது எத்தகைய அநீதி!

இத்தகைய குறை மிக அரியது. பருத்தவர் பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே உண்டு, செவிதான் மந்தம். ஆகையால் ஊசி அவர்களுக்குப் பெரிதும் உதவவில்லை. மெலிய வேண்டிப் பட்டினி கிடக்கும் பெண்களும் ஒன்றை அறியவேண்டும்: கொழுப்பு குறைய லெப்டினும் குறையும், மூளை பஞ்சம் வந்ததாக எண்ணிப் பசியை மேலும் தூண்டும், உடலின் செலவையும் சுருக்கும். போசனப்பிரியம் பாவமல்ல என்று நாம் சொல்லவரவில்லை. ஒருவரின் பருத்த உடலை அதற்குச் சாட்சியாக நிறுத்த நமக்கு உரிமையில்லை என்றே சொல்கிறோம்.

கோல்மன் ஓய்வுக்குப்பின் மேய்னில் தமக்குச் சொந்தமான காட்டைப் பேணி வாழ்ந்தார். 2010-இல் அவருக்கும் ஃப்ரீட்மனுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2014-இல் காலமானார்.