தொட்டுப் பார்க்க ஒரு பட்டை

மலேசியாவின் சுங்காய் வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு வானிலைதான் சம்பளம். இருட்டோடு தங்கள் மர நிறைக்குப் போனதும் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரமிருந்தால் வெட்டு இல்லை. மீறி வெட்டினால் பால் கோட்டைத் தாண்டி வழிந்து பட்டையெல்லாம் பரவும்; பால் ஏந்தும் மங்கில் சேராது. அன்றைய கூலியும் அதோடு போகும். மழை என்றால் அவர்களுக்கும் கவலைதான். ஆனால், அந்தக் கவலைக்குக் கையில் ஒரு வேலை இருந்தது.

இன்று அந்த மண்ணில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பேரப்பிள்ளைகளோ 2015 புகைமூட்டம், 2016 எல் நினோ வெப்பம், 2021 டிசம்பர் வெள்ளம் என்று பார்த்து வளர்ந்தவர்கள். 2016 மார்ச்சில் பெர்லிஸ், கெடாவில் 250க்கும் மேற்பட்ட பள்ளிகளை வெயில் மூட வைத்தது.

2021இல் இந்தியா, பிலிப்பைன்ஸ் உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுவரை உள்ள 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பருவநிலை மாற்றம் குறித்து மிகுந்த கவலை என்றவர்கள் 59 விழுக்காட்டினர்.

இந்தக் கவலை பிள்ளைகளைச் செயல்பட வைக்குமா, முடக்கிப் போடுமா? 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 32 நாடுகளில் இதைத் தேடியது. 24 நாடுகளில், கவலை கூடியவர்களிடம் சுற்றுச்சூழலைப் பேணும் பழக்கங்களும் கூடுதலாகத் தெரிந்தன. எது எதைத் தூண்டியது என்பதை இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வசதியான நாடுகளில் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது கவனிக்க வேண்டியது. பேருந்தே வராத ஊரில், மோட்டார் சைக்கிளை விடு என்று ஒரு மாணவனிடம் எப்படிச் சொல்வது? மனம் இருந்தாலும் வழி வேண்டும்.

சுவீடனின் ஆய்வாளர் மரியா ஓயாலா இளையோரின் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பிரச்சினையைத் தள்ளிவிடும் நம்பிக்கை ஒன்று. ஆபத்தை ஒப்புக்கொண்டு, "நம்மாலும் ஆவது உண்டு" என்பது மற்றொன்று. நற்பழக்கங்களோடு சேர்ந்து வந்தது இரண்டாவதுதான்.

வகுப்பில் வெள்ளப் படத்தை மட்டும் காட்டி மணியடித்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பயம். கையில் ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். ஒரு போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். நேற்று எத்தனை மில்லிமீட்டர் என்று சபைகூடலில் ஒரு மாணவி வாசிக்கட்டும். பள்ளியின் மாத மின்கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விசிறியை அணைத்த கைகளுக்குப் பலன் தெரியட்டும்.

பாட்டிக்கு ஒரு பட்டை இருந்தது. பேத்திக்கும் ஒன்று வேண்டும்.