ஓட்டல் மேசைத்தாளில் பிறந்த ஒற்றன்!

விண்வெளியில் இருந்து ஒட்டுக்கேட்ட முதல் செயற்கைக்கோள் எங்கே பிறந்தது தெரியுமா? ஓட்டல் மேசையில்!

1958-இன் தொடக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. கடற்படை ஆய்வுக்கூடப் பொறியாளர் ரீட் மேயோ, குடும்பத்தோடு வழியோர உணவகத்தில் மாட்டிக்கொண்டார். மனைவி, பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். இவருக்குத் தூக்கம் வந்தால்தானே! தட்டுக்கடியில் விரித்திருந்த காகிதத்தைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்க நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் வைக்கும் குட்டி ரிசீவர் ஒன்று இருந்தது. அதையே வானத்துக்கு ஏற்றினால்? 600 மைல் உயரத்திலும் கேட்கும் என்றது கணக்கு!

எப்படி? பூமி உருண்டை, ரேடார் அலையோ நேரே போகும். அடிவானம் தாண்டியதும் தரையை விட்டு விண்வெளிக்கு ஓடிவிடும். எல்லையோரம் பறக்கும் விமானத்தின் காதுக்கு அது எட்டாது. மேலே காத்திருப்பவனுக்கு எட்டும்!

1960 மே 1: அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தியது. நான்கே நாளில், மேயோவின் ஒட்டுக்கேட்கும் கோளை ஏவ அமெரிக்க அதிபர் ஐசனோவர் தலையசைத்தார். ஜூன் 22-இல் 'டிரான்சிட்' என்ற பெரிய கோளின் தலையில் உட்கார்ந்து கிளம்பியது 'கிராப்' என்ற அந்தக் கோள். குறுக்களவு 51 செ.மீ., எடை 19 கிலோ. நம்மூர் ஓட்டல் சிலிண்டருக்குள் இருக்கிற கேஸும் அதே 19 கிலோதான்!

அது எதையும் சேமித்து வைக்காது. ரேடார் துடிப்பு மேலே பட்டால் அந்தக் கணமே கீழே அனுப்பும். தரையில் சின்னஞ்சிறு குடிசை போன்ற நிலையங்களில் ஆட்கள் உட்கார்ந்து காந்த நாடாவில் பதிவு செய்வார்கள். ஆராய வேண்டுமென்றால் நாடா அமெரிக்காவுக்குப் பயணமாக வேண்டும்!

ஊருக்குச் சொன்னது என்ன தெரியுமா? "சூரியனை ஆராய்கிறோம்." பொய் என்றும் சொல்லிவிட முடியாது! சூரியன் சீறும்போது சிற்றலை வானொலி மங்குவது எக்ஸ் கதிர்களால்தான் என்று காட்டியது இதே கோள்தான். உளவாளி இத்தனை நாணயமாகப் பகல் வேலையும் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அடுத்த கோளுக்குத்தான் நேரம் சரியில்லை. 1960 நவம்பர் 30-இல் ராக்கெட் பழுதாகி, சிதறல்கள் கியூபாவில் விழுந்தன. "எங்கள் பசுவைக் கொன்றுவிட்டார்கள்!" என்று கொதித்தது கியூபா. அந்த ராக்கெட்டில் ஓர் ஒற்றனும் இருந்தான் என்பதை அமெரிக்கா ஒப்புக்கொண்டது 1998-இல்!