30 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வந்த சிவப்பு மணல்!

தூத்துக்குடிக் கடற்கரை என்றதும் முத்துதான் நினைவுக்கு வரும். கொற்கை காலத்திலிருந்தே இந்தச் சீமைக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். ஆனால், முத்தைவிடப் பல மடங்கு பழைமையான இன்னொரு மணியும் இதே கரையில் கேட்பாரின்றிக் கிடக்கிறது.

அலை ஏறி இறங்கும் இடத்தில் மணல் சிவப்பும் கறுப்புமாகக் கோடு கோடாகப் படிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட். சிவப்பாக மின்னுவது கார்னெட்.

முத்து, சில பாகம் ஆழத்தில் சில ஆண்டுகளில் விளைந்துவிடும். கார்னெட் விளைந்ததோ பூமிக்குள் சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு! மனிதன் போட்ட மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது. அதுவே 12 கிலோமீட்டர் சொச்சம்தான். அப்படியிருக்க, இந்த மணிகள் எப்படி மேலே வந்தன?

மாவு போலப் பிசைந்த பாறை

இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் மோதி, கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இணைந்த காலம் அது. மோதிய இடங்களில், இன்றைய இமயத்தைப் போல மலைத்தொடர்கள் எழுந்தன. மலை உயர உயர, அதன் வேர் கீழே இறங்கும். மேற்பரப்பில் இருந்த களிமண் படிவுகள்கூட அந்த ஆழத்துக்குப் போய், 800 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருமாறின. அப்போது அவற்றுக்குள் பிறந்தவைதான் இந்தக் கார்னெட் மணிகள்.

அவ்வளவு சூட்டில் பாறை கண்ணாடி மாதிரி உடையாது. சப்பாத்தி மாவு மாதிரி இழுபடும், மடங்கும். இரண்டு பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும்போது, இடையில் இருக்கும் பாறை இப்படிக் கிலோமீட்டர் கணக்கான அகலத்துக்கு நசுங்கி நெளியும். அந்தப் பட்டைக்குத்தான் ‘ஷியர் ஜோன்’ என்று பெயர். அதன் வழியாக ஆழத்துப் பாறை, பக்கத்துப் பாறையைத் தாண்டி மேலேற முடியும். இமயமலையில் இன்றும் அப்படி ஏறி நிற்கும் பாறைகளைப் பார்க்கலாம்.

தெற்கே அப்படியொரு பட்டை, அச்சன்கோவில் ஷியர் ஜோன். கேரளத்திலிருந்து தென்காசி, நெல்லைப் பக்கமாகத் தென்கிழக்கே மன்னார் வளைகுடா நோக்கி வருகிறது. வடக்கே இருப்பது மதுரைத் தொகுதி, தெற்கே திருவனந்தபுரம் தொகுதி.

சரக்கு இறக்கிய கப்பல்

ஷியர் ஜோன் மட்டும் போதாது. தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கை இறக்க இறக்க, கப்பல் மெல்ல நீருக்கு மேலே எழும்பும். மலையும் அப்படித்தான். மழையும் ஆறும் உச்சியைக் கரைத்துக் கொண்டுபோகப் பாரம் குறைகிறது. வேர் மேலே எழும்புகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடந்ததில், அந்தப் பழைய மலைத்தொடரின் அடிப்பகுதிதான் இன்று நம் காலடியில் தரையாக இருக்கிறது.

இதற்குச் சாட்சியும் பாறையிலேயே உண்டு. அச்சன்கோவில் பகுதிப் பாறைகள் சிலவற்றில், கார்னெட்டைச் சுற்றி கார்டியரைட் என்ற கனிமம் விளிம்பு கட்டியிருக்கும். அழுத்தம் குறையும்போது கார்னெட் சிதைந்து உருவாவது அது. பாறை மேலேறி வந்ததற்கான பயணச்சீட்டு என்றே சொல்லலாம்.

அந்தப் பாறைகளை மழை உடைக்க, தாமிரபரணி போன்ற ஆறுகள் மணலாக்கிக் கடலில் சேர்த்தன. அலைகள் முறத்தில் புடைப்பதுபோல லேசான மணலைத் தள்ளிவிட்டு, கனமான கார்னெட்டையும் இல்மனைட்டையும் கரையில் ஒதுக்கின.

திரும்ப விளையாத மணி

இந்தத் தாது மணலுக்குச் சந்தையில் நல்ல விலை. கார்னெட் உப்புத்தாளுக்கும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பை அறுக்கும் இயந்திரங்களுக்கும் போகிறது. இல்மனைட்டிலிருந்து வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமி கிடைக்கிறது. விதிமீறல் புகார்கள் கிளம்பியதால், 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்தில் தாது மணல் அள்ளத் தமிழக அரசு தடை விதித்தது. அடுத்த மாதமே மற்ற மாவட்டங்களுக்கும் தடை நீண்டது.

கடற்கரை மணல், வெறும் சரக்கல்ல. சீறி வரும் அலைக்கும் மீனவர் வீட்டுக்கும் இடையில் நிற்கும் சுவரும் அதுதான். அள்ளிய இடத்தை ஆறு வந்து நிரப்பும் என்றும் நம்பியிருக்க முடியாது. ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைகள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனாலும், 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள். சிப்பியை வளர்க்கலாம். இன்னொரு மலைத்தொடரை வளர்த்து, அதன் வேரை மேலே கொண்டுவந்து கரையில் சேர்க்க யாராலும் முடியாது.