நீர் புகாப் பெட்டி

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. மழையும் மூடுபனியும் மிகுந்த இடம் அது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, அங்குள்ள கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தொலைவு நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லலாம் என்பது அவருடைய ஏற்பாடு. நாளடைவில் சீட்டுக்குப் பதிலாகக் கடிதம் இடுவதும், அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயின.

இன்று அது ‘கடிதப்பெட்டி’ என்னும் விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. பாறை இடுக்கிலோ மரத்தடியிலோ ஒரு சிறு பெட்டி. அதனுள் ஒரு குறிப்பேடும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். குறிப்புகளின் துணை கொண்டு பெட்டியைக் கண்டுபிடிப்பவர், தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டிலும், பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டிலும் பதித்துக்கொண்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்து வைத்துத் திரும்புவார். 1998ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தபின் அந்நாட்டிலும் இது பரவியது.

டார்ட்மூரின் பாறைகளும் ஹைதராபாத்தின் பாறைகளும் கருங்கல் இனத்தைச் சேர்ந்தவையே. முன்னவற்றின் வயது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகள். பின்னவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் இந்நகரத்துப் பாறைகளிடையே விடுமுறை நாளில் குழந்தைகளுடன் ஆடுவதற்கு ஏற்ற விளையாட்டு இது. எனினும் அதன் வெற்றி தோல்வி முழுவதும் பெட்டியைப் பொறுத்தது. மேலும், ஓராண்டுக் காலம் மழையிலும் வெயிலிலும் தாளைக் காக்கும் பெட்டியைத் தெரிந்தெடுக்கக் கற்றவர், வீட்டிலுள்ள தாள்களையும் காக்கக் கற்றவராவார். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய காரியமன்று.

மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவன் என்பதால், தமிழில் உள்ள பழைய சான்றிதழ்களைப் படித்துப் பொருள் கூறும்படி அண்டை அயலார் என்னிடம் கொண்டு வருவதுண்டு. ஒருமுறை ஒரு நண்பர் தம் தாயாரின் பள்ளிச் சான்றிதழைக் கொணர்ந்தார். மூடியுள்ள தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததுதான். கூரை ஒழுகவில்லை, வெள்ளமும் வரவில்லை. ஆயினும் பெட்டியில் ஈரம் சேர்ந்து, பிறந்த ஆண்டு எழுதியிருந்த இடம் நீலக் கறையாக மாறிவிட்டிருந்தது. ஆண்டு இன்னதென அவ்வம்மையாருக்கும் உறுதியாகத் தெரியாது. எழுத்தே இல்லாத இடத்தை எவ்வாறு மொழிபெயர்ப்பது? என்னால் எழுத முடிந்தது, ‘தெளிவாக இல்லை’ என்னும் இரண்டு சொற்களே. வேறு நகல் பெறுவதற்கு நண்பர் இருமுறை சொந்த ஊர் சென்று திரும்ப நேர்ந்தது.

மூடிய பெட்டிக்குள் ஈரம் எவ்வாறு புகுந்தது? இதனை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பெட்டி மூச்சு விடுகிறது என்று கூறலாம். வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டியின் உட்காற்று 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடும். சூடேறிய காற்று விரிந்து, மூடியின் மெல்லிய இடைவெளி வழியே சிறிது வெளியேறும். பிற்பகலில் திடீரென மழை கொட்டிப் பெட்டி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், உள்ளே எஞ்சிய காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அக்குறையை நிரப்ப வெளியிலிருந்து ஏதேனும் உட்புக வேண்டும். அவ்வேளையில் மூடியின் விளிம்பில் நிற்பது காற்றன்று, மழைநீர். ஒரு லிட்டர் கொள்ளும் பெட்டியில் அக்குறை 100 மில்லிலிட்டர் அளவாகும். அதில் பாதி நீராக இருப்பினும் குறிப்பேடு நாசமாகும். வீட்டுப் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியிலும் இதுவே மெதுவாக நிகழ்கிறது. பகலில் வெளியேறிய காற்றுக்கு ஈடாக, இரவில் ஈரக்காற்று உட்புகுகிறது. குளிர்ந்த தகரத்தில் பனித்து நீராகிறது.

ஆகவே பெட்டியின் உடலைக் காட்டிலும் அதன் வாயே முக்கியமானது. நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்குத் துணியால் வேடு கட்டுவார்கள். தூசியும் பூச்சியும் புகாதிருக்க அது போதும். நீரைத் தடுக்க அது போதாது. எவர்சில்வர் சம்படமும் அவ்வாறே. மூடி எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் உலோகத்தின்மேல் உலோகம் படியும் இடத்தில் நூலிழை இடைவெளி இருக்கும். ஐஸ்கிரீம் விற்கும் மெல்லிய டப்பாவின் மூடியோ சில முறை திறந்து மூடினாலே நெகிழ்ந்துவிடும்.

நீரை உண்மையில் தடுப்பது மூடியின் உட்புறத்தில் உள்ள ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம். நான்கு பக்கமும் மடக்கிப் பூட்டும் மூடியும், அதனுள் பள்ளத்தில் பதிந்த வளையமும் உடைய பிளாஸ்டிக் டப்பா கடைகளில் எளிதில் கிடைக்கிறது. வளையத்தைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். ஒரு மணல் துகள் படிந்தாலும் அவ்விடத்தில் நீர் நுழையும். அகன்ற வாயுடைய திருகுமூடி ஜாடியும் நல்லதே. மூடியின் உள்ளே வளையம் இருத்தல் வேண்டும். அடியில் முக்கோணத்துள் 5 என்னும் எண் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன். பன்முறை மடக்கினாலும் எளிதில் முறியாது. ஆனால் நேர்வெயிலில் நாளடைவில் நொறுங்கும். கண்ணாடி நீரைத் தடுப்பினும், பாறைமேல் விழுந்து உடைந்தால் அடுத்து வரும் குழந்தையின் காலைக் கிழிக்கும். பெரட் வைத்த புட்டியை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை.

சில பெட்டிகளின்மேல் ‘ஐ.பி.’ என்று எழுதி இரண்டு இலக்கங்கள் பொறித்திருப்பர். முதல் இலக்கம் தூசியைக் குறித்தது. இரண்டாவது நீரைக் குறித்தது. இரண்டாவது 4 ஆயின் நீர் தெறித்தால் தாங்கும். 7 ஆயின் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும்.

எழுத்தை மட்டும் நம்பாது வீட்டிலேயே சோதிப்பது நலம். டப்பாவினுள் ஒரு கல்லையும், மையால் எழுதிய ஒரு தாளையும் வைத்து மூடுங்கள். அரை மணி நேரம் வெயிலில் வைத்து, சூடு ஆறுமுன் குளிர்ந்த நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்துங்கள். ஒரு மணி நேரம் சென்றபின் எடுத்து, புறத்தை நன்கு துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். சூடேற்றாமல் அமிழ்த்தினால் பல டப்பாக்கள் தேறிவிடும். சூடேற்றி அமிழ்த்தும்போதுதான் பலவும் தோற்கும். எழுத்து கலையாத டப்பாவே நமக்கு உரியது.

நல்ல பெட்டிக்கும் ஒரு குறை உண்டு. உள்ளே அடைபட்ட ஈரத்தை அது வெளியே விடாது. மழை நாளில் நனைந்த கையுடன் திறந்து மூடினால், பெட்டி ஈரத்தையே காவல் காக்கும். ஆதலின் குறிப்பேட்டை ஜிப் உறை ஒன்றிலும், முத்திரையை மற்றோர் உறையிலும் தனித்தனியே இடுக. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்க்கலாம். ஈரம் உறிஞ்சி நிறைந்தபின் அதனால் பயனில்லையாதலின் அவ்வப்போது மாற்ற வேண்டும். எழுதுவதற்குப் பென்சில் சிறந்தது; அது நீரில் கரைவதில்லை. பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை உடையதாகையால் பெரும்பாலும் தாங்கும். ஊற்றுப்பேனா மையும் முத்திரை மையும் எளிதில் பரவிவிடும்.

இனி இடம். பாறையின் நிழற்பக்கம், நீரோடும் வழிக்குச் சற்று மேலே, வாய் சற்றே சரிந்திருக்குமாறு வைத்தால் மூடியில் நீர் தேங்காது. தமிழ்நாட்டின் கடற்கரை மாவட்டத்தார்க்கு மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. இங்கோ பெரும்பகுதி மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. எனவே ஆனி பிறக்குமுன் பெட்டியைச் சோதித்து வைக்க வேண்டும். உணவுப் பொருள் இருந்த டப்பாவாயின் வாசனை போகக் கழுவுங்கள். எறும்பும் எலியும் குரங்கும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

மற்றொன்றையும் கூற வேண்டும். 2007லும் 2013லும் குண்டுவெடிப்புகளைக் கண்ட நகரம் இது. கேட்பாரற்ற பெட்டி மக்களுக்கு அச்சம் தரும். ஆகையால் உள்ளிருப்பது தெரியும்படியான டப்பாவையே கொள்ளுங்கள். மேலே ‘விளையாட்டுக் குறிப்பேடு’ என்று தெலுங்கிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இடத்துக்கு உரியவரின் அனுமதி பெற்று வையுங்கள். கோல்கொண்டா போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும், நிலையங்களின் அருகிலும் வைத்தல் ஆகாது.

இவ்வளவும் விளையாட்டுக்காக மட்டும் அன்று. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகியபோது இந்நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2020 அக்டோபரில் பெய்த பெருமழையிலும் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. 2015ஆம் ஆண்டு இறுதியில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, சான்றிதழ்களையும் பத்திரங்களையும் இழந்தவர்கள் பலர். நகல் வழங்குவதற்கென்றே தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. சொந்த ஊரில் இருப்பவர்க்கு அலுவலகம் அருகில் உள்ளது. நமக்கோ ஓரிரவு இரயில் பயணம். 2015 முதல் டிஜிலாக்கரில் மின்வடிவில் ஆவணங்களைப் பெறும் வசதி இருக்கிறது. ஆனால் பாட்டன் காலத்துப் பத்திரமும் தாயாரின் பள்ளிச் சான்றும் அதில் தாமே வந்து சேர்வதில்லை.

எனவே மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளை அழைத்து இரண்டு டப்பாக்களை வாளியில் அமிழ்த்திப் பாருங்கள். தேறிய ஒன்றைப் பாறையிடுக்கில் வைக்கட்டும். மற்றொன்றில் வீட்டின் சான்றிதழ்களை உலர்ந்த நாளில் அடுக்கி, உறையிட்டு, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். முதற்பெட்டி நனைந்தால் விளையாட்டு ஒன்று கெடும். இரண்டாவது நனைந்தால், நாம் யார், எந்த ஊரினர் என்பதற்கு நம் கையில் உள்ள சாட்சி கரைந்துபோகும்.