சரித்திரம் பயில்வதன் பயன்

"சரித்திரம் பயின்று யாது செய்யப் போகின்றாய்?" என்னும் வினா, பி.ஏ. வகுப்பில் அப்பாடத்தைத் தேர்ந்த மாணாக்கரை வீட்டிலும் வீதியிலும் விடாது தொடர்கின்றது. பொத்தேரி முதலிய ஊர்களினின்று நாள்தோறும் ரயிலேறித் தாம்பரம் வந்து பயில்வோருட் பலர், விடை கூற இயலாது நாணி நிற்றலை நாம் கண்டுள்ளோம். அவ்விடை அந்த இருப்புப்பாதையின் அருகிலேயே உள்ளது.

தாம்பரத்துக்கு வடக்கேயுள்ள பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலநூல் வல்லுநர் சரளை மண்ணிடையே ஒரு கல்லைக் கண்டெடுத்து, அது பழங்கால மனிதர் செதுக்கிய கருவி எனத் தெளிந்தார். அத்தகைய கற்களைப் பிறரும் கண்டிருப்பர், "இதனைச் செதுக்கியவர் யார்?" என்று வினவியவர் அவரே.

அவ்வூர்க் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயிலில் அவனுடைய விருதுப்பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. அரசன் தன்னை எங்ஙனம் அழைக்க விரும்பினான் என்பதற்கு அவை சான்றாம். குடிகள் அவனை எங்ஙனம் கருதினர் என்பதற்குச் சான்றாகா.

செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பொருட்டுப் பர்னார்டு என்பார் 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். வீடுகள், நீர்நிலைகள், விளைச்சலில் இன்னார்க்கு இன்ன பங்கு என்பன அக்கணக்குகளில் உள்ளன. எனினும், அவை வருவாயைக் கருதி எழுதப்பெற்றவை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இவையெல்லாம் பழங்கதைதானே எனின், அன்று. 2015-ஆம் ஆண்டின் பெருமழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் முதலிய இடங்களில் வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்தது. மனிதர் மறந்த பள்ளங்களை நீர் மறப்பதில்லை. ஏரியைத் தன் பெயரிலேயே தாங்கிய பொத்தேரியார்க்கு இது வேற்றூர்ச் செய்தியன்று. ஏரியின் எல்லை யாது, கால்வாய் எவ்வழிச் சென்றது, அதனைத் தூர்த்தவர் யார் எனப் பழைய கணக்கைக் கொண்டு வினவ வல்லவர் ஊருக்கு வேண்டும்.

இக்கல்வி உடனே பெருஞ்சம்பளம் ஈட்டித் தரும் என்று நாம் கூறோம். மனனஞ் செய்த ஆண்டுகளும் ஒருநாள் மறந்துபோம். ஆயினும், "இதனைக் கூறியவர் யார்? எதன்பொருட்டுக் கூறினார்? கூறாது விட்டது யாது?" என்னும் மூன்று வினாக்கள் நெஞ்சில் நிலைக்குமாயின், மாணாக்கர் நாணுதற்கு யாதொரு காரணமும் இல்லை.