தாதியர் தரமும் கல்வியும்

மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கென வகுத்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஒருங்குவைத்து எண்ணினார். அந்நான்காம் உறுப்பாகிய தாதியர் எத்துணைக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு உலக நாடுகள் ஒரே விடை கூறவில்லை.

1860 ஆம் ஆண்டில் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் நைற்றிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தாதியரைப் பதிவு செய்தற்கென நாடு தழுவிய தனிச் சட்டத்தை முதன்முதல் இயற்றியது நியூசீலாந்து, ஆண்டு 1901. பிரித்தானியா 1919 இல் அவ்வழி சென்றது. பதிவேடு திறக்கப்படவே, அதில் இடம்பெறத்தக்கவர் யார், அவர்க்குத் துணையாவோர் யார் என்னும் பாகுபாடும் உடனெழுந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பதிவுபெற்ற தாதியாதற்கு மூன்று வழிகள் உள. வைத்தியசாலை வழங்கும் டிப்ளோமா ஒன்று. ஈராண்டு இணைநிலைப் பட்டம் மற்றொன்று. நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பிறிதொன்று. கல்வி மூவகைப்படினும் மூவரும் எழுதும் உரிமப் பரீட்சை ஒன்றே. இவர்க்குக் கீழே ஏறத்தாழ ஓராண்டு பயின்ற செயன்முறைத் தாதியர் உளர். மேலே முதுமாணி முதலிய உயர் பட்டம் பெற்று, நோயறிந்து மருந்து விதிக்கும் உயர்நிலைத் தாதியர் உளர். இந்தியாவில் துணைத்தாதியும் மருத்துவிச்சியுமாவார்க்கு ஈராண்டும், பொதுத் தாதியர்க்கு மூன்றாண்டும், பட்டதாரித் தாதியர்க்கு நான்காண்டும் பயிற்சி வகுக்கப்பட்டுள்ளது. யப்பானிலோ தாதியர்க்கு மத்திய அமைச்சரும், துணைத்தாதியர்க்கு மாகாண ஆளுநரும் உரிமம் வழங்குவர்.

இவ்வேற்றுமையாற் பெரிதும் இடர்ப்படுவோர் கடல்கடந்து தொழில்தேடும் தாதியராவர். தம் நாட்டில் முதற்றரத்தவராயிருந்தோர், பிறநாட்டிலே மீண்டும் பரீட்சைக்கு அமரவோ, தாழ்ந்த பதவியை ஏற்கவோ நேர்கிறது. இதனை நீக்கக் கருதிய ஐரோப்பிய ஒன்றியம், 2005 ஆம் ஆண்டுப் பணிப்புரையிலே, மூன்றாண்டும் 4,600 மணித்தியாலமும் கொண்ட பயிற்சியைக் குறைந்த அளவாக விதித்தது. அதிற் பாதியேனும் நோயாளியரிடை நிகழ்தல் வேண்டும். யேர்மனியின் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியும் ஏனைய நாடுகளின் பட்டமும் இவ்வாறு ஒரே நிறையிற் கொள்ளப்படுகின்றன.

இங்கிலாந்தின் வரலாறு ஊன்றி நோக்கற்பாலது. 1943 இற் சட்டத்தால் அமைக்கப்பட்ட இரண்டாந்தரத் தாதியர்க்கான பயிற்சி, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கைவிடப்பட்டது. 2013 முதல் புதிதாகப் பயிலப் புகுவோர் யாவர்க்கும் பட்டமே வழியாயிற்று. எனினும் 2019 இல் ஈராண்டு பயின்ற இணைத்தாதியர் என்னும் புதிய தரத்தார் பதிவேட்டிற் புகுந்தனர். நீராட்டல், உணவூட்டல், உடல்வெப்பம் அளத்தல் முதலிய பணிகள் பட்டம் உயர்ந்தமையால் ஒழிந்துவிடவில்லை. அவற்றைச் செய்தற்கு ஆள் வேண்டியிருந்தது.

இவ்வுண்மையை உணர்ந்தே போலும், சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 2008 ஆம் ஆண்டுத் தொழிற்பாகுபாடு, முதற்றரத் தாதியரையும் துணைநிலைத் தாதியரையும் சான்றிதழ் கொண்டு பிரியாது, ஆற்றும் பணியின் இயல்பு கொண்டே பிரிக்கின்றது. தாமே ஆராய்ந்து பராமரிப்பைத் திட்டமிடுவோர் முன்னவர். பிறர் வகுத்த திட்டத்தை நிறைவேற்றுவோர் பின்னவர்.

கல்வியை உயர்த்துதல் நன்றே. ஆயின், யார் எதனைச் செய்தற்குரியர் என்பது தெளிவுறாதவிடத்துத் தரப்பெயர்கள் பயனளியா. நள்ளிரவில் நாடி தளர்வதைக் கண்டு காலந்தாழ்த்தாது மருத்துவரை அழைத்தல் யார் பொறுப்பு என்பதை ஒவ்வொரு நாடும் ஐயமறக் கூறல் வேண்டும். அதற்கேற்ற கல்வியை அவர்க்கு அளித்தலும் வேண்டும்.