காவிரியும் காஞ்சிமாநதியும்

பேரியாறு ஒன்றன் பெருமையை அதன் நீளங்கொண்டு அளப்பது உலகியல். காவிரி குடகுநாட்டுத் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாரிற் கடல் புகுவது. அதற்கு நீர் வழங்கும் நிலப்பரப்பு 81,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. இப்பெருமை தலைக்காவிரிச் சுனை ஒன்றானே வந்ததன்று. வழிநெடுகக் கூடும் துணையாறுகளான் வந்தது. அவற்றுள் பவானி, நொய்யல், ஆன்பொருநை எனப்படும் அமராவதி என்னும் மூன்றும் கொங்குநாட்டின் வழிப் பாய்ந்து வருவன. பவானி திருநணாவிலும், நொய்யல் தன் பெயர்கொண்ட ஊரிலும், அமராவதி கரூரை அடுத்த திருமுக்கூடலூரிலும் காவிரியொடு கலக்கின்றன.

இவற்றுள் சிறியது நொய்யல். வெள்ளியங்கிரிச் சாரலிற் பிறக்கும் இவ்யாற்றையே கச்சியப்ப முனிவர் தம் பேரூர்ப் புராணத்துட் காஞ்சிமாநதி எனப் போற்றினார். கோவையின் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் முதலியன இதன் நீரை ஏற்பன. பின்னர்த் திருப்பூரை அடையும் இவ்யாறு, அவ்வூர்ச் சாயப்பட்டறைக் கழிவால் நிறந்திரிந்தது. பாசனத்தின்பொருட்டு 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கழிவுநீர் ஒருதுளியும் வெளிவிடாநிலை எய்துங்காறும் அப்பட்டறைகளை மூடுக எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது.

தீர்த்தத்தின் தூய்மை ஒருகாலும் கெடாதாகலின், சாயம் கலப்பதனால் வரும் இழுக்கு யாதெனின், கூறுதும். தீர்த்தத்தில் விளங்கும் திருவருள் குன்றாதென்பது உண்மையே. ஆயினும் நீர் இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று. திருமஞ்சனக் குடத்தில் அழுக்கிட்டு, அருள் குன்றாதெனக் கூறுவார் உளரோ? நொய்யலின் நீர் காவிரியிற் கலந்து, எம்பெருமான் அப்புலிங்கமாய் எழுந்தருளிய திருவானைக்காவின் மருங்கே செல்வதாம். கொங்கிற் கலந்த அழுக்கு கொங்கின் அளவில் நில்லாது.

சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென்பது நம் சித்தாந்தம். சாயத்தைச் சார்ந்து அதன் வண்ணமான ஆறு அதற்குக் கண்கூடான உவமை. எனினும் வேற்றுமை ஒன்றுண்டு. ஆன்மாவைப் பற்றிய ஆணவமலம் அநாதி; அதனை நீக்குதற்குத் திருவருளே வேண்டும். ஆற்றைப் பற்றிய மலமோ அநாதியன்று. நம் காலத்தே நம்மவர் கையான் வந்தது. அதனை நீக்குதற்கு நம் கையே அமையும். அதனையும் இறைவன்பாற் சுமத்தி வாளாவிருத்தல் பத்தியாகாது.

படித்துறையில் இறங்கும் அன்பர்கள், இந்நீர் எங்குச் சென்று சேருமென ஒருகணம் எண்ணி இறங்குவார்களாக.

திருச்சிற்றம்பலம்.